முப்பத்திரண்டு ஆம்பியர், இருபத்தெட்டு கிளிப்பு

ஈப்போவில் மின்சாரத்தை எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்கிய ஒரே பிறவி ஆம்பியர் அக்காதான். அவருக்கும் மின்சார இலாகாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மணப்பெண் அலங்காரம்தான் தொழில். அவருடைய உண்மையான பெயர் பார்சல்களின் மேல் மட்டும் வரும். அது யாருடைய பெயர் என்று தெரியாமல் நாங்கள் இரண்டு பார்சல்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கோப்பிக்கடையின் மாடியில் எங்கள் மூன்று கடைகளும் இருந்தன. முன்பக்கம் அக்காவின் அலங்காரக் கடை. நடுவில் ரவிக்கை தைக்கும் டெய்லர் அண்ணன். கடைசியில் கல்யாணப் பத்திரிகையும் வரவேற்புப் பலகையும் அச்சடிக்கும் நான். கல்யாணத்துக்கு வேண்டியதில் மாப்பிள்ளையைத் தவிர எல்லாமே எங்கள் மாடியில் கிடைக்கும். கரண்டு மட்டும் கிடைக்காது.

மூன்று கடைக்கும் சேர்த்து ஒரே பிரேக்கர். முப்பத்திரண்டு ஆம்பியர். அதற்கு மேல் இழுத்தால் 'டப்' என்று விழுந்துவிடும். பிரேக்கர் பெட்டி மாடிப்படிக்குக் கீழே, பூட்டுப் போட்டு இருக்கும். சாவி கட்டட முதலாளி தவுக்கேயின் கார் சாவிக் கொத்தில் தொங்கும். கார் தம்புன் பக்கம் எங்காவது நிற்கும். தவுக்கே டிம் சம் சாப்பிட்டு முடித்து, பல் குத்தி, பிறகு வந்து பெட்டியைத் திறப்பார். அதுவரை நாங்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மழை வருகிற மாதிரி கரண்டு போகும் என்று பழகிவிட்டோம்.

அக்கா பீடோரிலிருந்து வந்தார். குடியேறிய அன்று கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. நேரே என் கடைக்கு வந்து, என் பிரிண்டரைச் சுவரிலிருந்து தள்ளி, அதன் முதுகில் டார்ச் அடித்தார்.

"என்னக்கா தேடுறீங்க?"

"வாட்டு. இதோ, தொள்ளாயிரம். நாலு ஆம்பியர் பிடிக்கும்."

அடுத்து டெய்லர் அண்ணனின் ஸ்டீம் அயர்ன். "ஆயிரத்து அறுநூறு. ஏழு." அப்புறம் அவருடைய கெட்டில். அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளே தண்ணீர் இருந்தது. அண்ணன் அப்போதுதான் முடித்திருந்த ஒரு பட்டு ரவிக்கையின் மேல் அது கொட்டியது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டாயிரத்து இருநூறு. பத்து. அண்ணே, இது கெட்டில் இல்ல, இது முதலை."

டெய்லர் அண்ணன் ஈர ரவிக்கையைப் பிழிந்தபடி என்னைப் பார்த்தார். "யாரும்மா இவங்க?" என்றார்.

கணக்கு ஒன்றும் பெரிய ரகசியமில்லை. எந்தச் சாமானின் அடியிலும் அதன் வாட் எழுதியிருக்கும். சுவரில் வருவது ஏறத்தாழ இருநூற்று முப்பது வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். எங்களுக்கும் அது பள்ளியில் சொல்லித் தந்ததுதான். ஆனால் பரீட்சை முடிந்ததும் நாங்கள் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அக்கா கூடவே எடுத்துக்கொண்டு அலைந்தார். எட்டே முக்கால் வந்தால் ஒன்பது என்பார். "கரண்டுல கொசுறு கேக்கக் கூடாது" என்பது அவர் சட்டம்.

டெய்லர் அண்ணனுக்கு மட்டும் இந்த மூன்றும் குழம்பிக்கொண்டே இருந்தன. அவருக்காக அக்கா ஒரு கல்யாணப் பந்தியை உதாரணமாகச் சொன்னார்.

"அண்ணே, பந்திக்குக் கதவு திறக்குறாங்க. பின்னால நிக்கிறவன் பசியில தள்ளுறான் பாருங்க, அந்தத் தள்ளுதான் வோல்ட்டு. கதவு வழியா எத்தன பேரு உள்ளாற போறாங்க, அது ஆம்பியர். உள்ளாற போயி எவ்ளோ சோறு காலியாவுது, அது வாட்டு."

"அப்ப பிரேக்கர்?"

"கதவு. முப்பத்திரண்டு பேருக்கு மேல நுழைஞ்சா கதவு மூடிக்கும். அப்ப பொண்ணோட அப்பாவே வெளியதான் நிக்கணும்."

அண்ணன் ரொம்ப நேரம் யோசித்தார். "பந்தியில பிரியாணியா, சைவமா?" என்று கேட்டார். அக்கா எழுந்து போய்விட்டார்.

மறுநாள்தான் கிளிப்பு வந்தது. துணி காயப்போடும் சிவப்பு பிளாஸ்டிக் கிளிப்பு. படிக்கட்டுச் சுவரில் கயிறு கட்டி இருபத்தெட்டு கிளிப்புகளை மாட்டினார் அக்கா. ஒரு கிளிப்பு, ஒரு ஆம்பியர். முப்பத்திரண்டில் பாக்கி நாலு சாமிக்கு விட்டது, யாரும் தொடக் கூடாது. யார் எதைப் போட வேண்டுமானாலும் அதற்குரிய கிளிப்பைக் கயிற்றிலிருந்து எடுத்து, அந்தச் சாமானின் வயரில் மாட்ட வேண்டும். அணைத்தால் திரும்பக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். கயிற்றில் கிளிப்பு இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். விளக்குக்கும் போன் சார்ஜருக்கும் கிளிப்பு தேவையில்லை. "அதெல்லாம் பந்தியில கைக்குழந்த மாதிரி. இலை போட வேணாம்."

கேலி செய்தோம். ஆனால் அதன் பிறகு கரண்டு போகவே இல்லை. தவுக்கே என்ன ஆயிற்றோ என்று பயந்து, தானாகவே ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாடியின் பேச்சே மாறிப்போனது. "தங்கச்சி, நாலு கிளிப்பு தாயேன், ஒரு கை மட்டும் தேய்ச்சுக்குறேன்" என்று டெய்லர் அண்ணன் கெஞ்சுவார். நான் ஏர்கானை அணைத்துவிட்டுக் கொடுப்பேன். ஏர்கான் வாங்கியபோது விற்றவர் என்னிடம் "ஒரு குதிரை சக்தி" என்றார். கடைக்கு வந்ததும் அண்ணன் முதலில் கேட்டது, "ஒரு குதிரைக்கு எத்தன கிளிப்பு?" அதற்கும் அக்காவிடம் பதில் இருந்தது. "நெசக் குதிரைன்னா எழுநூத்தம்பது வாட்டு கிட்ட வரும். ஏர்கான்காரன் சொல்ற குதிரை வேற. அது எவ்ளோ குளிரும்னு சொல்ற குதிரை. அத நம்பாதீங்க, ஸ்டிக்கர்ல வாட்டப் பாருங்க."

ஸ்டிக்கர் பார்க்கும் பழக்கம் வெளியிலும் அவரை விடவில்லை. என் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு வந்தார். எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டிருக்க, அக்கா அடுக்களையில் ஒவ்வொரு சாமானையும் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையோ தேடுகிறார் போல என்று நினைத்து, என் மாமியார் "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். "ஒன்னுமில்லம்மா, உங்க ரைஸ் குக்கர் நல்ல பிள்ள, மூணுதான் இழுக்குது. அந்த ஓவனோட ஒரே பிளக்குல மட்டும் சேர்க்காதீங்க" என்றார் அக்கா. மாமியார் அன்றிலிருந்து அவரை ஜோசியம் பார்ப்பவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மனிதர்களையும் விட்டுவைக்கமாட்டார். பெண்ணோடு கூட வந்து அரை மணி நேரம் தன் பெருமை பேசிவிட்டுப் போன ஒரு மாப்பிள்ளையைப் பற்றி, "பேச்சு இருநூத்தி முப்பது வோல்ட்டு. வேல அரை ஆம்பியர்" என்றார். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் ஒட்டு இமை கழன்று விழுந்தது.

ஒரு நாள் மழை கொட்டிக்கொண்டிருந்த மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், நான் கேட்டேவிட்டேன். "ஏங்கா உங்களுக்கு இவ்ளோ பயம்?"

அக்கா சீப்பில் சிக்கியிருந்த முடியைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார். "பீடோர்ல கடை வச்சிருந்தேன்ல. ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன். அதுலயே ரெண்டு டிரையர், கெட்டில், எல்லாம். வெள்ள வயரு பிரவுனா ஆயிருந்துச்சு, நான் அழுக்குன்னு நெனச்சு துடைச்சேன் லா. ஒரு நாளு பொண்ணு நாற்காலியில உக்காந்திருக்கா, திரைச்சீலை எரியுது. அவ கைய புடிச்சு இழுத்துட்டு ஓடினேன். பாதி ஜடையோட போயி தாலி கட்டிக்கிட்டா. கல்யாண போட்டோவுல இன்னும் அந்தப் பாதி ஜடைதான் இருக்கு."

"அவங்களுக்கு ஒன்னும் ஆகலையே?"

"ஆகல. கடைதான் போச்சு." சீப்பை வைத்தார். "அப்புறம்தான் வாட்டுன்னா என்னான்னு படிச்சேன்."

அதன் பிறகு நான் கிளிப்பைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டேன்.

அப்புறம் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. கல்யாண சீசன். ஒன்பது மணிக்கு மணப்பெண் கோயில் மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டும். தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து உட்கார்ந்தாள். அக்கா ஒரு டிரையரோடு அவள் முடியைக் காயவைக்க, பெண்ணின் தங்கை இன்னொரு டிரையரில் தன் முடியைக் காயவைத்தாள். இரண்டு டிரையர், பதினெட்டு கிளிப்பு. அக்காவின் ஏர்கானுக்கு ஆறு. வரவேற்புப் பலகை அச்சாகிக்கொண்டிருந்த என் பிரிண்டருக்கு நாலு. கயிறு காலி.

இந்த நேரத்தில் டெய்லர் அண்ணன் பெண்ணின் ரவிக்கையை வைத்துக்கொண்டிருந்தார். கை இறுக்கம் என்று கடைசி நேரத்தில் பிரித்துத் தைத்தது. தேய்த்துக் கொடுக்க வேண்டும். நான் பிரிண்டர் முடியட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கடையிலிருந்து ஸ்டீம் வரும் 'உஸ்' சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அயர்ன் வயரில் ஒழுங்காக ஏழு சிவப்பு கிளிப்புகள். பக்கத்தில் கெட்டில் வேறு கொதித்துக்கொண்டிருந்தது. அதன் வயரில் பத்து.

எனக்கு எதுவோ இடித்தது. கூட்டிப் பார்ப்பதற்குள் மாடி முழுக்க இருட்டாகிவிட்டது.

அக்கா டிரையரைக் கீழே வைத்தார். மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடித்தார். பிறகு ஒவ்வொரு பிளக் பாயின்ட்டாகப் போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். பெண் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்னாச்சு?" என்றாள்.

"ஒன்னுமில்லடா. சூடு இல்ல. எங்கயும் சூடு இல்ல." அப்புறம்தான் மூச்சு விட்டார்.

தவுக்கேக்குப் போன் போட்டேன். பின்னால் கிண்ணங்கள் மோதும் சத்தம் கேட்டது. "கெஜாப் லாகி, கெஜாப் லாகி" என்றார். அவர் 'கொஞ்ச நேரம்' என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்தார். முடி பாதி ஈரம், பாதி காய்ந்து நிமிர்ந்து நின்றது.

அக்கா அந்த முடியை ஒரு பார்வை பார்த்தார். "பாதித் தலையோட ஒரு பொண்ண அனுப்பினது போதும். நாற்காலிய தூக்குங்க அண்ணே. கீழ போலாம்."

கீழே கோப்பிக்கடைக்குத் தனி மீட்டர், தனி பிரேக்கர். கடை நடத்தும் அங்கிள் கோலா கங்சார் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த சீனர். தமிழ் எங்களைவிட வேகமாகப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லா மேசையிலும் ஆள். நடுவில் பட்டுப்புடவையை மடியில் வைத்துக்கொண்ட ஒரு மணப்பெண்ணைக் கொண்டுவந்து உட்கார வைத்தோம்.

"அங்கிள், ஒரு பிளக்கு வேணும்," என்றார் அக்கா.

"எடுத்துக்க லா."

வேறு யாராக இருந்தாலும் உடனே செருகியிருப்பார்கள். பெண்ணின் அம்மா கடிகாரத்தைக் காட்டிக் கதறிக்கொண்டிருக்கிறார். அக்காவோ முந்தானையைச் செருகிக்கொண்டு, கோப்பிக்குத் தண்ணீர் கொதிக்கும் பெரிய டிரம்முக்கு அடியில் மண்டியிட்டு டார்ச் அடித்தார்.

"அங்கிள், இது எத்தன வாட்டு தெரியுமா?"

"யாரு பாத்தா? கோப்பி சூடா இருந்தா சரிதான்."

"மூவாயிரம். பதினாலு ஆம்பியரு. டோஸ்டர் ரெண்டு இருக்கு. ஐஸ் பெட்டி இருக்கு. இதோட என் டிரையரையும் போட்டா நீங்களும் இருட்டுல நிப்பீங்க. தண்ணிய அணைங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஈப்போவில் ஒருவரிடம் கோப்பித் தண்ணீரை அணைக்கச் சொல்வது சாதாரண விஷயமில்லை. அங்கிள் மேசைகளைப் பார்த்தார். ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, மூன்று மொழியில் அறிவித்தார். தமிழில் சொன்னது இது: "பொண்ணு முடி காயற வரைக்கும் கோப்பி இல்ல. அவசரம்னா வேற கடைக்குப் போலாம்."

ஒருவரும் போகவில்லை. மாறாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பின்பக்கம் இன்னும் ஈரம் இருக்கிறது என்றார். ஒரு சீன ஆன்ட்டி எழுந்து வந்து மல்லிகைச் சரத்தைப் பிடித்துக்கொண்டார். டெய்லர் அண்ணன் கையில் அயர்னோடு பக்கத்துப் பிளக்கை நோக்கி மெல்ல நகர்ந்தார்.

"மொதல்ல முடி," என்றார் அக்கா திரும்பாமலே. "அப்புறம்தான் இஸ்திரி."

முடி முடிந்தது. பிறகு பளிங்கு மேசையில் துண்டு விரித்து ரவிக்கை தேய்த்தார்கள். நான் அச்சாகாத பாதிப் பலகையில் மார்க்கர் பேனாவால் மாப்பிள்ளையின் பெயரை எழுதி முடித்தேன். பெண் புடவை கட்டிக்கொண்டு, முழு ஜடையோடு காரில் ஏறியபோது கடையே கைதட்டியது. அங்கிள் தண்ணீரைத் திரும்பப் போட்டார். கோப்பி வர நேரமானது. யாரும் முணுமுணுக்கவில்லை.

மேலே வந்த பிறகுதான் விசாரணை. தவுக்கே வந்து பெட்டியைத் திறந்து கொடுத்ததும், அக்கா மூன்று கடையிலும் உள்ள கிளிப்புகளைச் சேர்த்து மேசையில் கொட்டி எண்ணினார். நாற்பத்தைந்து.

"இருபத்தெட்டு கிளிப்பு குட்டி போட்டிருக்கு," என்றார்.

டெய்லர் அண்ணன் கொஞ்சமும் கலங்கவில்லை. "நான் யாரு கிளிப்பையும் எடுக்கல. ராத்திரிச் சந்தையில, பசார் மாலாம்ல, என் காசு போட்டு வாங்கினேன். அதே சிவப்பு."

"கிளிப்பு வாங்கினீங்க சரி. ஆம்பியர் வாங்கினீங்களா அண்ணே?"

அண்ணன் யோசித்தார். "அங்க வித்திருந்தா வாங்கியிருப்பேன் லா."

அக்கா அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. கடைசியில் அண்ணனும், எதற்கென்று தெரியாமலே, சேர்ந்து சிரித்தார். ஆனாலும் அன்று மாலையே இருபத்தெட்டு அசல் கிளிப்புகளுக்கும் நகப்பூச்சில் ஒரு புள்ளி வைக்கப்பட்டது. எந்தக் கம்பெனி நகப்பூச்சு என்பது எங்களுக்குச் சொல்லப்படவில்லை. டப்பியில் பேர் கிழிக்கப்பட்டிருந்தது.

கோப்பிக்கடை அங்கிள் தவுக்கேயிடம் கான்டனீஸில் ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று எங்களுக்குப் புரியவில்லை. நல்ல வார்த்தை மாதிரி ஒலிக்கவில்லை. ஆனால் சீக்கிரமே புது வயரிங் போட ஆள் வந்தார். சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த தமிழ் வயர்மேன். கயிற்றையும் கிளிப்பையும் பார்த்துவிட்டு, ஒழுங்காக விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். "நல்ல ஐடியாக்கா" என்றார். அக்கா பூரித்துப்போய் மிச்ச விவரத்தையும் சொன்னார். அவரிடம் பிளக்கில் செருகி வோல்ட்டும் ஆம்பியரும் பார்க்கும் ஒரு சின்ன மீட்டர் இருந்தது; அது வோல்ட் குறைவாகக் காட்டும் நாட்களில் கெட்டிலுக்கு ஒரு கிளிப்பு கூடுதலாக வாங்குவாராம். வகுக்கும் எண் சின்னதானால் ஆம்பியர் கூடும் அல்லவா.

வயர்மேன் தயங்கினார். "கெட்டில் அப்படி இல்லக்கா. வோல்ட்டு குறைஞ்சா அதோட ஆம்பியரும் சேர்ந்து குறையும். ஸ்டிக்கர்ல போட்ட வாட்டு வராது. தண்ணி கொதிக்க லேட்டாகும், அவ்ளோதான்."

"அது எப்படி? கணக்கு இருக்கே."

"தள்ளு குறைஞ்சா கதவு வழியா போற ஆளும் குறையும்லக்கா."

தன் பந்தி உதாரணமே தன்மேல் திரும்பி வந்ததை அக்கா எதிர்பார்க்கவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை. வோல்ட் இறங்கும் வெயில் நேரம் வரை காத்திருந்து, மீட்டரில் கெட்டிலைச் செருகிப் பார்த்தார். வயர்மேன் சொன்னது சரி. பிறகு டெய்லர் கடைக்குள் போனார்.

"அண்ணே, வோல்ட்டு குறைஞ்ச நாளெல்லாம் உங்க கெட்டிலுக்குப் பதினொன்னு வாங்கினேன். அது தப்பு. பத்தே அதிகம். மன்னிச்சுக்குங்க."

டெய்லர் அண்ணன் வாழ்நாளில் யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கமாட்டார்கள் என்று தோன்றியது. ஊசியை எங்கே குத்துவது என்று தெரியாமல் தன் சட்டையிலேயே குத்திக்கொண்டார். "அட, விடுங்க லா. நான் பதினேழு கள்ளக் கிளிப்பு விட்டவன். உக்காருங்க, டீ போடுறேன்."

வயரிங் முடிந்து, கடைக்கொரு தனி பிரேக்கர் வந்த அன்று அக்கா கயிற்றை அவிழ்த்தார். "எல்லாத்தையும் ஒன்னா போடுங்க," என்றார். இரண்டு டிரையர், மூன்று ஏர்கான், அயர்ன், பிரிண்டர், கெட்டில். மாடியே இரைந்தது. அக்கா மாடியிலேயே மாட்டிய புதுப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். எதுவும் விழவில்லை. கண் கலங்கியிருந்தது. கேட்டதற்கு டிரையர் காற்று என்றார். டிரையர் அடுத்த அறையில் இருந்தது.

இப்போது அக்கா காம்பாரில் இருக்கிறார். மகளுக்கு அங்கே வேலை. இவருக்கும் அங்கே தரைத்தளத்தில் சொந்தக் கடை. கல்யாண அலங்காரம் குறைவு, அதனால் முடியும் வெட்டுகிறார். மாதம் ஒருமுறை நான் அங்கே போய்த்தான் முடி வெட்டிக்கொள்கிறேன். என் வீட்டு வரிசையிலேயே நல்ல சலூன் இருக்கும்போது எதற்கு இவ்வளவு தூரம் என்று என் கணவர் கேட்கிறார். அக்கா நன்றாக வெட்டுவார் என்று சொல்லியிருக்கிறேன். அக்கா நன்றாக வெட்டமாட்டார். இடது பக்கம் எப்போதும் ஒரு விரல் நீளம் கூடுதலாகவே இருக்கும்.